பதினோரு பெண்களும் ஒரு சரித்திரக் காதல் நாவலும்

வாசகர் கடிதம்:

கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர் நான். எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் பதினோரு பெண்கள் மாதம் ஒருமுறை கூடி, ஒரு நாவலைப் படித்துப் பேசுகிறோம். ஆறு ஆண்டுகளாக நடக்கிறது. இதுவரை ஒருவர் குரலும் உயர்ந்ததில்லை. சென்ற மாதம் எடுத்துக்கொண்டது, 1826இல் இதே மலையில் நடப்பதாக ஒரு பெண் எழுதிய சரித்திரக் காதல் நாவல். மொழிபெயர்ப்பாளராக இருந்த துபாஷி ஒருவரின் விதவை மகளுக்கும் வெள்ளைக்கார நில அளவையாளர் ஒருவருக்கும் இடையிலான காதல். ஐந்து இடங்களில் பச்சையாகவே எழுதியிருக்கிறார். எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, "இது விரசம். ஒரு பெண்ணா இப்படி எழுதுவது? இது அலமாரியில் இருக்கும்வரை நான் இந்தப் படி ஏற மாட்டேன்" என்றார். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் புதுமணப்பெண்ணோ, "இதைப் படித்த பிறகுதான் என் கணவரிடம் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது" என்று சொல்லி அழுதுவிட்டாள். தலைமையாசிரியையோடு சேர்த்து ஐந்து பேர், அவளோடு சேர்த்து நான்கு பேர். செவிலியராக வேலை பார்க்கும் தோடர் பழங்குடிப் பெண் ஒருவர் மட்டும் எதுவும் பேசவில்லை. டீ வருவதற்கு முன்பே சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டத்தை நடத்துபவள் நான் என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். யார் சொல்வது சரி? புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடலாமா?

பின்குறிப்பு: நாவலை நான் இருமுறை படித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்ததும் நாவலை வாங்கி நானும் இருமுறை படித்தேன். அதன் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே தவிர்த்துவிடுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக நாவல் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவதுதான் என் தொழில். காதல் காட்சிகள் எப்படி எழுதப்படுகின்றன, எங்கே சறுக்குகின்றன, எந்த வரியில் எழுதியவரின் கை நடுங்கியது என்பதெல்லாம் அந்த வேலையில் பழகிப்போனவை. அந்தப் பழக்கத்திலிருந்துதான் பேசுகிறேன்.

புத்தகத்தை எடுக்காதீர்கள். ஆனால் யார் சரி என்ற கேள்விக்கு உங்களிடம் உள்ள இரண்டு பக்கங்களில் ஒன்றைக் கைகாட்டி என்னால் பதில் சொல்ல முடியாது. உங்கள் கூட்டம் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சண்டையிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தலைமையாசிரியை சொன்னது ஒரு பெண் எழுதக்கூடியதன் எல்லையைப் பற்றி. அந்தப் புதுமணப்பெண் சொன்னது தன் வீட்டைப் பற்றி. நாவலைப் பற்றிய கேள்வி ஒன்று மட்டும் வாய் திறக்காமலே சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியேறிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விரசம் என்ற சொல். என் மேசைக்கு வரும் வாசகர் கடிதங்களில் மிக அதிகமாக அடிபடும் சொல் இது. மிகக் குறைவாக விளக்கப்படும் சொல்லும் இதுதான். ஒருவருக்கு முத்தம் விரசம், இன்னொருவருக்கு விளக்கு அணையாத அறை விரசம். நான் கைப்பிரதியில் வேறு ஒன்றைத்தான் பார்ப்பேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் மறுநாள் காலையில் அந்த இருவரும் பேசிக்கொள்ளும் பேச்சு மாறுமா? மாறாது என்றால், காட்சி எவ்வளவு கண்ணியமாக எழுதப்பட்டிருந்தாலும் அது அங்கே வேலையில்லாமல் நிற்கிறது. மாறும் என்றால், எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது கதையின் எலும்பு.

இந்த நாவலில் ஐந்து காட்சிகள். நான்காவதை எடுத்துக்கொள்வோம். மழை ஓயாத இரவு. அவன் விளக்கை ஊதி அணைக்கப் போகிறான். "இருக்கட்டும், உங்கள் முகம் எனக்குத் தெரிய வேண்டும்" என்கிறாள் அவள். பன்னிரண்டு வயதில் மணமாகி, பதினான்கில் விதவையானவள். அவளுடைய முதல் கணவனின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை என்பதை ஆசிரியர் அறுபது பக்கங்களுக்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறார். அந்த ஒரு வரியில் அவள் இரண்டாம் முறை பிறக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவள் தன் தந்தையை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறாளே, அந்தத் துணிச்சல் இந்த அறையிலிருந்துதான் வருகிறது. இந்தக் காட்சியில் ஒரு வரியைக்கூட நான் வெட்டியிருக்க மாட்டேன். உங்கள் தேயிலைத் தொழிற்சாலைப் பெண் அழுதது இந்தப் பக்கத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். அது வெட்கப்பட வேண்டிய அழுகை அல்ல.

ஐந்தாவது காட்சி வெறும் அலங்காரம். அத்தனை பட்டும் சந்தனமும் இருந்தும் இருவரில் ஒருவரையும் நாம் புதிதாக அறிந்துகொள்வதில்லை. போகட்டும், அதை விட்டுவிடுவோம்.

"ஒரு பெண்ணா இப்படி எழுதுவது" என்று உங்கள் தலைமையாசிரியை கேட்டதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இருந்தவர், பிள்ளைகளுக்குத் திருக்குறள் நடத்தியிருப்பார். அவரிடம் பணிவோடு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அதில் எத்தனை குறள்? காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள், 250 குறள்கள் இருக்கின்றன. வகுப்பறையில் நாம் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் நின்றுவிடுகிறோம். இந்தத் தயக்கம் நம்மிடம் மட்டும் இருந்ததும் இல்லை. வீரமாமுனிவர் குறளை லத்தீனில் பெயர்த்தபோது முதல் இரண்டு பால்களோடு நிறுத்திக்கொண்டார். ஆங்கிலத்தில் பெயர்த்த துரு பாதிரியாரும் மூன்றாம் பாலைத் தொடவில்லை. 1886இல் 1330 குறள்களையும் ஆங்கிலச் செய்யுளாக்கி வெளியிட்டவர் ஜி.யு. போப். அவர் உங்களுக்கு அயலாரல்லர். உதகையில் பல ஆண்டுகள் பள்ளி நடத்தியவர். கண்டும் கேட்டும் உண்டும் முகர்ந்தும் தொட்டும் அறியும் ஐம்புல இன்பமும் இந்த ஒருத்தியிடமே இருக்கிறது என்று ஒருவன் சொல்லும் குறளை, மத ஊழியத்துக்காகக் கப்பல் ஏறி வந்த ஒரு பாதிரியார் அச்சேற்றினார். தமிழ் மாணவர்களுக்கு அதை நடத்த நாம் இன்னும் கூசுகிறோம்.

பெண் எழுதலாமா என்ற கேள்விக்கோ நூறாண்டுக்கும் மேலான ஒரு வழக்கே இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழநி, 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் ஒரு சிருங்கார காவியம் பாடினார். ராதையின் தாபமும் கோபமும் கண்ணன் அவளைத் தேற்றுவதுமே அதன் பொருள். பின்னால் அதை அச்சிட்டவர்கள் சில பாடல்களை விட்டுவிட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் மூலப் பிரதியைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள்தான். பெரிய பெரிய அறிஞர்கள் எதிர்த்தார்கள். அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை விலகியது 1947இல். ஆண் புலவர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியவை பாடநூல்களாகவே இருக்கும்போது, நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று அந்த அம்மையார் முன்னுரையிலேயே கேட்டுவிட்டார். உங்கள் தலைமையாசிரியையின் கேள்வியை அந்தக் கேள்வியின் பக்கத்தில் வைத்து அவரே பார்க்கட்டும். மானமுள்ள ஆசிரியர் தன் பக்கத்தின் பலவீனத்தைத் தானே கண்டுகொள்வார். அதை நாம் சுட்டிக்காட்டி அவரைக் குனியவைக்க வேண்டியதில்லை.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, அம்மா பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்த சரித்திரத் தொடர்கதைகளை மச்சுப்படியில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். இளவரசியின் இடையும் கழுத்தும் பக்கம் பக்கமாக வரும். வீட்டில் பெரியவர்கள் யாரும் அதை விரசம் என்று சொல்லவில்லை. தாத்தாவும் அதைத்தான் படித்தார். அந்தப் பக்கங்களில் இருந்தது பெண்ணின் உடல். அவள் எதை விரும்பினாள், எது அவளுக்குப் பிடிக்கவில்லை என்ற பேச்சே இருக்காது. உடலை எழுதினால் வர்ணனை, அந்த உடலுக்குள் இருப்பவளின் விருப்பத்தை எழுதினால் விரசம் என்று நம்மை அறியாமலே பழகிவிட்டோம். நான்காவது காட்சியில் ஆடை பற்றி ஒன்றரை வரிதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். உங்கள் கூட்டத்தைக் கலக்கியது அவள் கேட்டது.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் நான் ஒரு கட்சியின் வக்கீலாகிவிடுவேன். நாவலின் இரண்டாவது காட்சியைப் பற்றி நாலு பேர் அணியும் யோசிக்க வேண்டும்.

அதில் அவள் வேண்டாம் என்கிறாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. கையைத் தள்ளுகிறாள். அவன் நிறுத்தவில்லை. பொழுது விடிகிறது, அவள் புன்னகையோடு கூந்தலை முடிந்துகொள்கிறாள், அன்றிலிருந்து அவனைக் காதலிக்கிறாள். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒன்பது பேர் ஒரு மாலை முழுக்க வாதாடியும் யாரும் இதை எடுக்கவில்லை என்றால், இந்த அச்சு நமக்கு எவ்வளவு பழகிவிட்டது என்று பாருங்கள். இது வெளியிலிருந்து வந்த அச்சுதான். அமெரிக்காவில் 1972இல் மலிவுப் பதிப்பாக வந்து பெருவெற்றி பெற்ற ஒரு சரித்திரக் காதல் நாவல்தான் படுக்கையறைக் கதவை அகலத் திறந்துவைத்தது. அதன் நாயகன் நாயகியைத் தொடக்கத்திலேயே வன்முறையால் அடைகிறான். பிறகு அவளையே மணந்து உருகுகிறான். அதைத் தொடர்ந்து அதே வார்ப்பில் பல நாவல்கள் வந்தன. அந்த வகையைப் படிக்கும் பெண்களே அப்போதிலிருந்து இதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காட்சிகளைப் பெண்கள் ஏன் விரும்பிப் படித்தார்கள் என்பதற்கு எனக்கு ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. ஆசைப்படுவதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, தான் ஆசைப்படாமலே இன்பம் வந்து சேரும் கதை ஒரு வகையில் ஆறுதல். பழி அவனுக்கு, இன்பம் அவளுக்கு. படித்த பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான்காவது காட்சியை எழுதத் தெரிந்த ஒரு எழுத்தாளர் இரண்டாவதை எழுத வேண்டிய தேவை இல்லை. விளக்கை எரியவிடு என்று கேட்கத் தெரிந்தவளின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு ஒரு பொருளும் இல்லை என்று அதே புத்தகம் சொல்கிறது. இந்தக் கைப்பிரதி என்னிடம் வந்திருந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்: இங்கே அவனை நிறுத்தவையுங்கள், நின்றவன்மீது அவளுக்குக் காதல் வரட்டும். அதுவே இன்னும் தகிக்கும் காட்சியாக வந்திருக்கும்.

சரித்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் அந்த மலையில் இருப்பவர்கள். ஆசிரியர் உழைத்திருக்கிறார். இருவரும் முதன்முதலில் சந்திக்கும் சரிவில் குறிஞ்சி பூத்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018இல் பூத்தது. அங்கிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் சரியாக 1826 வருகிறது. கதையை அந்த ஆண்டில் நிறுத்தியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கண்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருள் புணர்தல் என்று வகுத்த மொழியில், மலைச்சரிவில் காதலர் கூடும் கதையை எழுத ஒருவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் கட்டிய கல் பங்களா, அப்போதுதான் நீர் தேங்கத் தொடங்கிய உதகை ஏரி, மேலே ஏறும் டோலிகள், சுமைதூக்கிகளின் வெடித்த பாதங்கள் எல்லாம் கண்முன் நிற்கின்றன.

பிறகு மூன்றாவது காட்சியில் இருவரும் தைல மரத் தோப்பில் படுத்திருக்கிறார்கள். அந்த வாசம் ஒன்றரைப் பக்கம் வீசுகிறது. நீலகிரியில் தைல மரம் நடப்பட்டதே 1843இல்தான். பக்கத்திலேயே தேயிலைத் தோட்டம் வேறு. தோட்டங்கள் வந்தது அதற்கும் பிறகு. 1826இல் அங்கே இருந்திருக்க வேண்டியது புல்வெளியும், பள்ளங்களில் இருண்டு நிற்கும் சோலைக் காடும். சோலையில் நாவல் இனத்து மரங்களும், பாசி படர்ந்த கிளைகளும், தவிட்டுப் பழப் புதர்களும் இருந்திருக்கும். அந்த ஈரத்திலும் இருட்டிலும் அந்த இருவரைப் படுக்கவைத்திருந்தால் காட்சி எப்படி இருந்திருக்கும்! குறுந்தொகையில் கபிலர் ஒரு பெண்ணைப் பேசவைக்கிறார். அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் சாட்சி இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்துநின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது, அதன் கால் தினைத்தாள் போல இருந்தது என்கிறாள். உடலைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அந்தக் குருகின் காலை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்பதில் எல்லாம் இருக்கிறது. இடத்தைச் சரியாகப் பார்க்காமல் இன்பத்தைச் சரியாக எழுத முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, டீக்கு முன் கிளம்பிப்போனவர்.

அக்கா, உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். அவர் ஏன் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் புத்தகம் இருக்கிறது. நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஏழாம், எட்டாம் அத்தியாயங்களில் நாயகனின் முதல் காதலியாக ஒரு தோடர் பெண் வருகிறாள். ஓடையில் குளிக்கிறாள். அவனுக்கு எல்லாம் கற்றுத் தருகிறாள். அவளுக்குப் பெயரில்லை, ஒரு வாக்கியப் பேச்சுகூட இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் காணாமல் போகிறாள். இவர்கள் கூட்டத்தில் ஒருத்திக்குப் பல கணவர், கட்டுப்பாடு என்பதே கிடையாது என்று கதைசொல்லி சொல்கிறார். அட்டைப்படத்தில் நாயகியின் தோளிலிருந்து சரிந்து விழுவது சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழை எண்ணித் தைக்கும் அந்தப் பூவேலைச் சால்வை.

அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து இதைப் படித்துப் பாருங்கள். அந்தச் சால்வையை அவர்கள் சடங்குகளில் போர்த்துகிறார்கள். இறந்தவர் மீதும் போர்த்துகிறார்கள். பழைய காலத்தில் அண்ணன் தம்பிகளுக்கு ஒருத்தி மனைவியாக இருந்த வழக்கம் உண்மைதான். கட்டுப்பாடு இல்லை என்பது உண்மையே அல்ல. யார் எந்தப் பிரிவில் மணக்கக் கூடாது என்பதற்குத் திட்டமான விதி இருந்தது. கருவுற்ற மாதங்களில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவனே குழந்தைக்குத் தந்தை; அந்தச் சடங்குக்கு அத்தனை கனம். கூட்டமே இரண்டாயிரம் பேர் அளவுதான். 1832இலேயே வெள்ளைக்காரர் ஒருவர் அவர்களைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதி வெளியிட்டார். அன்றிலிருந்து, பழைய ரோமர் என்றும் இஸ்ரவேலின் தொலைந்த குலம் என்றும் வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கற்பனையை அவர்கள்மேல் ஏற்றினார்கள். இந்த நாவல் அந்த வரிசையில் தமிழில் ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

துபாஷி மகளுக்கு ஆசிரியர் கொடுத்த விளக்கை ஓடையில் நின்றவளுக்குக் கொடுக்கவில்லை. ஒருத்தியின் விருப்பத்தை மனித விருப்பமாக உயர்த்துவதற்கு இன்னொருத்தியைப் பெயரில்லாத உடலாக்கியிருக்கிறார். நாவலில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். உங்கள் கூட்டத்தில் ஐந்து பேரும் நான்கு பேரும் துபாஷி மகளின் மானத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது, அந்த அறையில் தன் பாட்டியின் பாட்டி ஆடையில்லாமல் நிறுத்தப்பட்டதைப் படித்துவிட்டு வந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஊகித்தது தவறாகவும் இருக்கலாம். அவருக்கு அன்று இரவுப் பணியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்துப் போக வேண்டாம். அன்று உங்களைக் கேட்காமல் விட்டுவிட்டேன், அது என் தவறு என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் இனத்தைப் பற்றிக் கூட்டத்தில் வந்து பேசுங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அவர் செவிலியர், நாவல் படிக்க வந்தவர். நமக்குப் பாடம் நடத்துவது அவர் வேலையல்ல. ஏழாம் எட்டாம் அத்தியாயங்களைப் பற்றிக் கூட்டத்தில் நீங்களே பேசப்போவதாகச் சொல்லி, அவருக்கு அதில் சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு நாமாவது பொருள் கொடுப்போம்.

அலமாரி விஷயத்தில் தலைமையாசிரியை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கலாம். உங்கள் அலமாரி இருப்பது சமுதாயக் கூடத்தில். மாலையில் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே வருவார்கள் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எடுத்துப் போகும் தட்டில் இந்தப் புத்தகம் இருக்கத் தேவையில்லை. பூட்டுள்ள தட்டு ஒன்றைப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். சாவியை அந்த அம்மாவிடமே கொடுங்கள். ஒழிப்பதற்கும் ஒதுக்கிவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வாழ்நாள் முழுக்கப் பள்ளி நூலகத்தில் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகும் வர மாட்டேன் என்றால், அவர் வராமல் இருப்பது உங்களுக்கு வலிக்கும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். புத்தகத்தை எடுக்கமாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

இதில் நான் உறுதியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலில் நான் செய்த தவறு அது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு பெண்ணின் முதல் நாவலிலிருந்து பதினொரு பக்கங்களை வெட்டச் சொன்னார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான ஒரே ஒரு இரவு. நூலகங்கள் வாங்க மாட்டா என்று காரணம் சொன்னார்கள். நான் வெட்டினேன், வெட்டிய இடம் தெரியாமல் தைத்தும் கொடுத்தேன். நாவல் வந்தது. அந்தப் பெண் எதற்காக வீட்டை விட்டுப் போனாள் என்றே புரியவில்லை என்று மதிப்புரைகள் எழுதின. அவை சரிதான், அவள் போனதற்கான காரணம் அந்தப் பதினொரு பக்கங்களில் இருந்தது. எழுதியவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. அந்தக் கைப்பிரதியின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கூட்டத்தை எப்படி நடத்துவது என்றும் கேட்பீர்கள். காட்சிகளை உரக்கப் படிக்க வேண்டாம். சிலருக்குக் கூச்சம், சிலருக்குச் சிரிப்பு, பேச்சு நகராது. எல்லோரிடமும் ஒரு துண்டுச்சீட்டுக் கொடுங்கள். பெயர் எழுதாமல், தாங்கள் காப்பாற்ற விரும்பும் பக்கத்தின் எண்ணையும், எழுதியவரிடம் சண்டைபோட விரும்பும் பக்கத்தின் எண்ணையும் எழுதட்டும். எடுத்து வாசித்தால், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கு அங்கேயே கலைந்துபோகும் என்று நினைக்கிறேன். அலங்காரப் பக்கங்களை இரு அணியிலும் ஆட்கள் வெறுத்திருப்பார்கள். விளக்குப் பக்கத்தைத் தலைமையாசிரியையும் எழுதக்கூடும். அவருக்கும் ஒரு திருமணம் இருந்திருக்கும், அக்கா.

அந்த இளம்பெண்ணிடம் அவள் கணவனிடம் சொன்னது என்ன என்று யாரும் கேட்க வேண்டாம். அவள் சொல்ல முடிந்தது என்பது போதும்.

சீட்டுகளைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். பின்குறிப்பில் எனக்கு எழுதியதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். இருமுறை படித்தேன், பிடித்திருந்தது, அன்று சொல்லவில்லை. நடுவராக இருப்பதால் பேசாமல் இருந்ததாக நீங்கள் நினைக்கலாம். உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகளின் கையெழுத்து மற்ற வரிகளைவிடச் சிறியதாக இருக்கிறது. எதற்கு அந்தக் கூச்சம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது இருந்தது. பிடித்தது என்று சொன்ன பிறகு, இரண்டாவது காட்சியும் ஏழாம் அத்தியாயமும் ஏன் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் அதற்கு வேறு கனம் இருக்கும். புத்தகத்தை விரும்பியவர் சொல்லும் குற்றத்தை யாரும் ஒழுக்கப் பிரசங்கம் என்று ஒதுக்கமாட்டார்கள்.

நாவலாசிரியருக்கும் கூட்டத்தின் சார்பாக ஒரு கடிதம் எழுதுங்கள். முகவரி பதிப்பகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. தைல மரத்தைப் பற்றியும், இரண்டாவது காட்சியைப் பற்றியும், குறிஞ்சியைச் சரியாகக் கணக்கிட்டதைப் பற்றியும் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் திருத்துவது எழுத்தாளர்களுக்குப் பழக்கமான வேலைதான். அட்டைப்படத்தைப் பற்றி எழுதும் முன் அந்தச் செவிலியரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

அவர் வீட்டுக்குப் போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அவர் சொன்னதை என்னிடம் சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்றால், போய்வந்தேன் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அன்புடன்,
உங்கள் பதிப்பாசிரியர் தங்கை